கடற்புல் வெளியும் பருவந்தோறும் மாறும் மீனினமும்

நெல் வயலுக்கு நாற்றங்கால் எவ்வளவு இன்றியமையாததோ, கரையோரக் கடலுக்குக் கடற்புல் வெளியும் அவ்வளவு இன்றியமையாததாகும். மீனவர்கள் ‘தாழை’ என வழங்கும் இப்புல், பாசி இனத்தைச் சேர்ந்ததன்று. வேரும் தண்டும் இலையும் பெற்று, நீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் தாவரமாகும். சூரிய ஒளி தரைவரை எட்டும் ஆழங்குறைந்த கடலிலேயே இது செழிக்கும். சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவான பாக் விரிகுடாவிலும், மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரங்களிலும் இது பரந்து வளர்ந்திருக்கிறது.

இங்கு வாழும் மீன்களை மூவகையாகப் பிரிக்கலாம். கடற்குதிரை போன்றவை நிலையான குடிகள். விளமீன் முதலியவற்றின் குஞ்சுகள் இலைகளிடையே ஒளிந்து வளர்ந்து, பருத்தபின் ஆழ்கடலுக்கோ பவளப்பாறைகளுக்கோ செல்லும். இரை தேடி வந்து மீள்பவை மூன்றாம் வகை. இறால் குஞ்சுகளுக்கும் இப்புல்லே புகலிடம். ஓரா மீனுக்கோ இது உணவுமாகும்.

இக்கூட்டம் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையாய் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்கால் பாக் விரிகுடா கொந்தளிக்கும். முதிர்ந்த இலைகள் அறுந்து கரையில் குவியும். மழைவெள்ளம் கலப்பதால் நீர் கலங்கி, உப்பும் ஒளியும் குறையும். மறைவிடம் சுருங்கவே, மீன்களின் வகையும் தொகையும் மாறுகின்றன. மழைக்காலம் கழிந்து நீர் தெளிந்ததும் புதுத் தளிர் விடும். நுண்ணுயிர்கள் இலைகளிற் படியும். அவற்றை நாடிக் குஞ்சுகள் சேரும். தென்மேற்குக் காற்றின்போது கொந்தளிப்பது மன்னார் வளைகுடாவாகும். ஆகவே, இராமேசுவரம் தீவின் வடபுறக் கடலுக்குப் பொருந்தும் பருவக்கணக்கு தென்புறக் கடலுக்குப் பொருந்தாது.

இதனால் அறியத்தக்கது யாதெனில், ஒரு பருவத்தில் பெரிய மீன் அகப்படாமையால் புல்வெளி பயனற்றதென எண்ணலாகாது என்பதே. அப்பொழுது அங்கே வளர்வது வரும் பருவத்தின் வருவாயாகும். அடித்தரையை உழுதுசெல்லும் இழுவலை புல்லை வேரோடு பறிக்கிறது. சிறுகண் வலையோ குஞ்சுகளை வாரிவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. கடற்புல்லை உண்டு வாழும் ஆவுளியாவைக் காக்க, 2022-ஆம் ஆண்டில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

எனினும், சட்டம் மட்டும் போதாது. புல்வெளியில் இழுவலையைத் தவிர்த்தலும், வலையில் அகப்படும் குஞ்சுகளை உயிரோடு கடலில் விடுதலும் ஒவ்வொரு மீனவரும் மேற்கொள்ளத்தக்க செயல்களாம். நாற்றங்காலை அழித்துவிட்டு அறுவடைக்குக் காத்திருக்கும் உழவர் எவருமிலர்.