கம்பளிப்புழுவும் கூட்டு முயற்சியும்

புதுக்கோட்டை ஜில்லாவில் ஆலங்குடி, கந்தர்வகோட்டை, கறம்பக்குடி முதலிய தாலுகாக்களின் செம்மண் புன்செய்களில் மானாவாரியாகப் பயிரிடப்படும் நிலக்கடலைக்குக் கம்பளிப்புழு ஒரு பெரும் சத்துரு. இலை போனால் காய் குறைவதுடன், மாடுகளுக்குத் தீவனமாகிய கடலைக்கொடியும் இல்லாமற் போகும். சங்கத்தில் கடன் பெற்று விதைத்த அங்கத்தினருக்குத் தவணையும் தவறிவிடும்.

இப்புழு திடீரென்று தோன்றுவதன்று. சென்ற பருவத்தில் தின்று வளர்ந்த புழுக்கள் வரப்போரங்களிலும் மரநிழலிலும் மண்ணுக்குள் இறங்கி, கூட்டுப்புழுவாகப் பத்து மாதம் வரையிலும் கிடக்கின்றன. கனத்த மழை பெய்த சில தினங்களில் அவை வெண்ணிற அந்துப்பூச்சிகளாக மாலையில் வெளிப்பட்டு, இலையின் அடிப்புறத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இடுகின்றன. குஞ்சுகள் முதலில் ஓரிடத்திலேயே கூடி இலையின் பச்சையைச் சுரண்டும். வளர்ந்தபின் படை படையாக அடுத்த வயலுக்குச் செல்லும்.

ஆகவே, ஒவ்வொரு பருவத்திலும் செய்யத்தக்கவை பின்வருமாறு:

முதலாவது, கோடை மழை ஈரத்தில் ஆழ உழவேண்டும். மேலே வரும் கூட்டுப்புழுக்களைக் காகம், மைனா முதலிய பட்சிகள் தின்றுவிடும். எஞ்சியவை வெயிலில் மடியும். ஏர் எட்டாத வரப்போரங்களை மண்வெட்டியால் கொத்துதல் அவசியம்.

இரண்டாவது, மழைக்குப் பின் முன்னிரவில் விளக்குப்பொறி வைக்கலாம். அல்லது கூரைகளுக்கும் வைக்கோற்போருக்கும் தூரமாகத் தீ மூட்டலாம். பூச்சிகள் வெளிச்சத்தை நாடி வந்து அழியும்.

மூன்றாவது, கடலையினிடையே ஊடுபயிராகத் தட்டைப்பயறு விதைக்கவேண்டும். பூச்சிகள் அதில் விரும்பி முட்டையிடுமாதலால், முட்டைக் குவியலும் இளங்குஞ்சும் உள்ள இலைகளைக் கிள்ளி அழித்தல் சுலபம்.

நான்காவது, புழு நகரத் தொடங்கினால் வயலைச் சுற்றி ஓரடி ஆழத்தில் செங்குத்தான பள்ளம் வெட்டி, விழுந்தவற்றைக் கொல்லவேண்டும். ரோமம் பட்டால் அரிப்பு உண்டாகுமாதலால் வெறுங்கையால் தொடலாகாது. வளர்ந்த புழுவுக்கு மருந்து எளிதில் பலிப்பதில்லை. மருந்து அவசியமாயின், இளம்புழுப் பருவத்திலேயே வம்பன் வேளாண்மை அறிவியல் நிலையத்தாரின் யோசனைப்படி தெளிக்கலாம். தெளித்த கொடியை உடனே மாட்டுக்கு இடுதல் கூடாது.

ஒருவர் உழுது, அடுத்தவர் தரிசாக விட்டால், அத்தரிசில் பிறக்கும் பூச்சி வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. இத்தகைய பொதுச் சத்துருவை எல்லா விவசாயிகளும் ஏககாலத்தில் எதிர்க்கச் செய்யும் பொருட்டே 1919-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வற்புறுத்துமுன் சங்கமே இதைச் செய்யலாம். சித்திரையில் சங்கக் கூட்டம் கூட்டி, முதல் மழைக்குப் பின் உழவுக்கும் விளக்குக்கும் நாள் குறித்து, ஏர் இல்லாதாருக்கு ஏர் ஏற்பாடு செய்து, தரிசுகளையும் சேர்த்துக்கொண்டால், புழு வந்தபின் ஆகும் செலவும் நஷ்டமும் பெரிதும் குறையும்.