மாவும் தனிமமும்: ஆங்கில எழுத்துக் கூட்டலில் சில ஒழுங்குகள்

சென்ற ஆண்டு என் வேதியியல் செய்முறைக் குறிப்பேடு சிவப்பு மை வட்டத்துடன் திரும்பி வந்தது. ஃபுளோரின் என்னும் தனிமத்தின் பெயரை, காதில் விழுந்தபடி, எஃப், எல், ஓ, யு என்று தொடங்கியிருந்தேன். எஃப், எல், யு, ஓ என்பதே சரி. “தம்பி, நீ எழுதியிருப்பது தனிமமன்று, கோதுமை மாவு!” என்றார் பேராசிரியர். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. தமிழ் வழியில் பயின்றவன் நான். என் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவருமில்லை. ஆங்கிலம் நமக்கு வராது என்று முடிவு கட்ட அந்த ஒரு சொல்லே போதுமானதாயிருந்தது.

அம்முடிவு தவறு என்பதைப் பின்னர் உணர்ந்தேன். என்னைப் போன்ற நண்பர்களுக்காகவே இக்கட்டுரை.

தமிழில் ‘க’ என்னும் ஓரெழுத்து கடல், தங்கம், பகல் என்னும் மூன்று சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது. எழுத்து நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்திலும் பல இடங்களில் இதே நிலைதான்.

முதலில் ‘சி’ என்னும் எழுத்தைக் காண்போம். இ, ஐ, ஒய் ஆகியவற்றுக்கு முன் நின்றால் அது பெரும்பாலும் ‘ஸ’ என ஒலிக்கும். ஏ, ஓ, யு முன் நின்றால் ‘க’ என ஒலிக்கும். கால்சியம் என்னும் சொல்லில் இரண்டும் உண்டு: முதல் ‘சி’க்குப் பின் ஏ, இரண்டாம் ‘சி’க்குப் பின் ஐ.

இரண்டாவது, ஒலிக்காத ஈற்று ‘இ’. ‘மேக்’ என்னும் சொல் ‘மேக்கிங்’ ஆகும்போது ஈற்று ‘இ’ விடைபெறும். ஆனால் ‘நோட்டீஸ்’ என்பது ‘நோட்டீஸபிள்’ ஆகும்போது ‘இ’ நீங்காது. நீங்கினால் ‘சி’யை அடுத்து ‘ஏ’ வந்து, ஒலி ‘க’ ஆகிவிடுமல்லவா?

மூன்றாவது, இரட்டித்தல். ‘ரன்’ போன்ற ஓரசைச் சொல்லில் ஓர் உயிரெழுத்தும் அதன்பின் ஒரே மெய்யும் ஈற்றில் நின்றால், ‘ரன்னிங்’ என்பதில் ‘என்’ இரட்டிக்கும். ‘ரெயின்’ என்பதில் ஏ, ஐ என இரண்டு உயிர்கள் இருப்பதால் ‘ரெயினிங்’ இரட்டிக்காது.

நான்காவது, ஈற்று ‘ஒய்’. அதன் முன் மெய் இருந்தால், பன்மையில் ஐ, இ, எஸ் என மாறும், ‘ஃபிளை’ அவ்வாறே. முன்னே உயிர் இருந்தால், ‘கீ’ என்பதைப் போல, ‘எஸ்’ மட்டும் சேரும்.

ஐந்தாவது, ‘ஈ’ ஒலி தரும் இரட்டை உயிர். பொதுவாக ஐ முன்னும் இ பின்னும் வரும். ‘நீஸ்’ என்னும் உறவுப் பெயர் இதற்குச் சான்று. ‘ரிசீவ்’ என்பதில் ‘சி’யை அடுத்து வருவதால் இ முன்னே வரும். விதிவிலக்குகளும் உண்டு, நாம் நாளும் எழுதும் புரோட்டீன் அவற்றுள் ஒன்று.

விதிக்கு அடங்காத சொற்களுக்கு வரலாறு காரணம். கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்பதன் முதலெழுத்தாகிய ‘கே’ முற்காலத்தில் ஒலிக்கப்பட்டதே. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக் கூட்டல் சிறிது சிறிதாக நிலைபெற்றது. நாவோ மாறிக்கொண்டே சென்றது. ஆகவே குழப்பம் மொழியின் வரலாற்றில் உள்ளது. நம் அறிவில் இல்லை.

ஃபுளோரினுக்கும் வரலாறு உண்டு. ‘பாய்தல்’ எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து அது பிறந்தது. உலோகம் உருக்குகையில் கசடு எளிதில் உருகி ஓட உதவிய ஃபுளோர்ஸ்பார் என்னும் கனிமத்தின் வழியே அப்பெயர் வந்தது. பாய்மத்தைக் குறிக்கும் ‘ஃபுளூயிட்’ அதன் உடன்பிறப்பு. இரண்டிலும் எஃப், எல் அடுத்து ‘யு’தான். இதை அறிந்த பின் அச்சொல்லில் நான் பிழை செய்ததில்லை.

இன்று என்னிடம் ஒரு சிறு ஏடு உண்டு. பிழையான ஒவ்வொரு சொல்லையும், திருத்தத்தையும், காரணத்தையும் அதில் எழுதுகிறேன். நண்பர்களே, நீங்களும் ஓர் ஏடு தொடங்குங்கள். சிவப்பு வட்டத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். அதன் காரணத்தைக் கேளுங்கள்.