ஹோட்டலில் விவாகம்

சென்னையில் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. இருந்தும், நகரத்தின் நடுவிலுள்ள ஒரு நல்ல சாப்பாட்டு ஹோட்டலின் மாடியை அரை நாளைக்குப் பேசிக்கொண்டு, அங்கேயே தாலி கட்டி, அங்கேயே இலை போட்டு முடித்துவிடுவோரும் மத்தியதர வகுப்பாரிடையே இருக்கிறார்கள். பெரியவர்கள் சிலர் இதைக் கேட்டு முகஞ்சுளிக்கிறார்கள். காசுக்குச் சோறு விற்கும் இடத்தில் கன்னிகாதானமா என்பது அவர்கள் கேள்வி. மண்டபம் மட்டும் வாடகையின்றிக் கிடைக்கிறதோ என்று திருப்பிக் கேட்கலாம். ஆயினும் ஆட்சேபத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல் ஆராய்வதே முறை.

சட்டத்தில் தடை ஏதுமில்லை. 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தின் 7-வது பிரிவு சடங்கைப் பற்றிப் பேசுகிறதேயன்றி, இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரு தரப்பாரில் ஒருவருடைய வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும். சப்தபதி அதில் சேர்ந்ததாயின், ஏழாவது அடியில் விவாகம் பூர்த்தியாகிறது. அந்த ஏழடி கோயிலில் வைத்ததாயினும் ஹோட்டல் மாடியில் வைத்ததாயினும் ஒன்றே. 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை சேர்த்த 7-ஏ பிரிவின்படி, புரோகிதர் இன்றியே உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ மணந்துகொள்ளலாம். 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி மணப்போர் 30 நாள் நோட்டீஸ் முடிந்தபின் அதிகப்படிக் கட்டணம் செலுத்தினால், விவாக அதிகாரியே நியாயமான தூரத்திலுள்ள வேறிடத்துக்கு வந்தும் மூன்று சாட்சிகள் முன்பு நடத்திவைக்கலாம்.

ஆனால் விருந்தே விவாகமாகிவிடாது. சடங்கு நடவாமல் பெற்ற சர்ட்டிபிகேட்டு மாத்திரம் இந்து விவாகத்தை உண்டாக்காதென்று 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. பாயசம் பரிமாறி ரிஜிஸ்தரில் கையெழுத்திட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணும் வாலிபர்கள் இதைக் கவனிப்பாராக. சடங்கு முடிந்தபின், 2009-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளைக்குள் பதிவு செய்வதும் அவசியம்.

நாம் ஹோட்டலை ஆதரிப்பதற்குரிய காரணம் வேறு. யாருக்கு முதற் பந்தி, யாருக்குக் கொல்லைப்புறம் என்று கல்யாண வீட்டார் வகுத்துவைத்த தேசம் இது. ஹோட்டல்களும் அந்தப் பாவத்துக்குத் தப்பவில்லை. ரயில்வே ஸ்டேஷன் போஜனசாலைகளில் பிராமணருக்கென்றிருந்த தனியிடம், கிளர்ச்சிக்குப் பின் 1941-ல்தான் ஒழிந்தது. பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் ஒரு சொல்லுக்காகத் திருவல்லிக்கேணியில் 1957-ல் மறியல் நடந்தது. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சாஸனத்தின் 15-வது ஷரத்தும், 1955-ம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டமும் ஹோட்டல் வாசலைச் சகலருக்கும் திறந்துவிட்டன. இன்று அங்கே ஜாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம்.

கல்யாண வீட்டின் சமையற்கட்டுக்குள் அச்சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே கரண்டி பிடிப்பவர் யார் என்று விசாரித்த பிறகே இலையில் உட்காரும் சம்பந்திமார் இன்னும் இருக்கிறார்கள். அதே மனிதர்கள் ஹோட்டலில் சமைத்தவர் யார், பரிமாறுபவர் யார் என்று கேளாமலே இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொள்ளுகிறார்கள்! மேடையில் சமபந்தி போஜனத்தைப் பற்றி முழங்கும் நமது ஊழியர்களில் எத்தனை பேர் தம் பெண்ணின் கல்யாணச் சமையலுக்கு ஜாதி பாராமல் ஆள் அமர்த்தியிருக்கிறார்கள்? பெயர் சொல்லும் உத்தேசம் நமக்கில்லை. அவரவர் நினைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

செலவும் சிறு விஷயமன்று. மண்டபம் பெரிதாக இருப்பதாலேயே ஜனம் சேர்க்க வேண்டியிருக்கிறது. முகம் மறந்துபோன ஆபீஸ் சகாக்களுக்கெல்லாம் பத்திரிகை போகிறது. அச்சுக்கூடம் நடத்தும் நாம் இதைக் கண்டிப்பது நமது வருமானத்துக்கே விரோதந்தான். கடன் மட்டும் பெண்ணின் தகப்பனாருக்கு. எண்பது நாற்காலியுள்ள ஹோட்டலில் இரண்டு பந்திக்கு 160 பேர். 161-வது பெயரை எழுதுமுன் கை தானே நிற்கும். 2020-ல் கொள்ளைநோயை முன்னிட்டு விவாகத்துக்கு 50 பேருக்கு மேல் கூடலாகாது என்று சர்க்கார் விதித்தபோது நடந்த கல்யாணங்கள் எதிலும் தாலி அரைகுறையாக ஏறவில்லை.

இடத்தைத் தெரிந்தெடுப்பதில் மட்டும் விழிப்பு வேண்டும். ஒன்பது மணி முகூர்த்தம் சிற்றுண்டிக் கூட்டத்தோடு மோதும். ஆறு மணி முகூர்த்தமே ஹோட்டலுக்கு ஏற்றது. குளிர்சாதன அறையில் ஹோமப் புகை எழுந்தால் தீ அபாயமணி அலறும். ஆகையால் திறந்த மாடி உண்டா என்று பார்க்கவேண்டும். தாழ்ந்த கூரையின் கீழ் தவில் வாசித்தால் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேளாது. மணப்பெண் உடுத்திக்கொள்ளத் தனியறை வேண்டும். ஹோட்டல்காரர் தாமாகவே பில்லில் சேவைக் கட்டணம் சேர்க்கலாகாதென்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை விதித்ததை டில்லி ஹைகோர்ட்டு 2025-ல் ஊர்ஜிதம் செய்திருக்கிறது; ஆகவே இலைக்கு இவ்வளவு என்று பேசும்போதே அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுதல் நலம். பாட்டிமார் மாடியேறுவதற்கு விடியற்காலை ஐந்து மணிக்கு லிப்டை ஓட்ட ஆள் வருவாரா என்பதையும் முன்பணம் கொடுக்குமுன் கேட்டுவிட வேண்டும்.