பழைய மரத்தின் இடத்தில் இன்னொரு மரம்



நம் நர்சிங் கல்லூரி வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை வெட்ட வேண்டியிருக்கிறது என்று சென்ற இதழில் நான்கே வரிகளில் அறிவித்திருந்தோம். கட்டிட நிதியைக் குறித்து ஒரு முழுப் பக்கம் எழுதினாலும் வராத அளவுக்கு அந்த நான்கு வரிக்குக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. விளக்கேற்றும் ஆராதனை முடிந்து அந்த மரத்தடியில் நின்று எடுத்த புகைப்படத்தைப் பழைய மாணவியர் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். நோயாளிக்குத் துணையாக வந்து அந்த நிழலிலேயே பல இரவு பாய் விரித்துப் படுத்த குடும்பத்தாரும் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மருந்து வைத்து மரத்தைக் காப்பாற்ற முடியாதா? முடியாவிட்டால், அதே அளவு பெரிய மரம் ஒன்றைக் கிரேன் வைத்துக் கொண்டுவந்து நடலாமே, செலவை நாங்கள் ஏற்கிறோமே? அன்போடு கேட்கப்பட்ட இந்தக் கேள்விகளுக்கு விவரமான பதில் சொல்வது முறை.

முதலில், மரத்தின் நிலை. வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் இரண்டு முறை வந்து பார்த்தார். அடிமரத்தில் விசிறி வடிவில் காளான் தள்ளியிருக்கிறது. மரச்சுத்தியலால் தட்டினால் ஒரு பக்கம் முரசு போல ஒலிக்கிறது. பொந்து விழுந்ததனால் மட்டும் ஒரு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. மரத்தின் உயிரோட்டம் பட்டைக்குச் சற்று உட்புறமாக ஓடுகிறது; நடுவே இருப்பது தாங்கும் தூண் மட்டுமே. பொந்தோடு பல்லாண்டு நிற்கும் புளியமரங்களை நம் சாலையோரங்களில் பார்க்கிறோம். நம் மரத்தில் அழுகல் வேர்களுக்கே இறங்கிவிட்டது. தூங்குமூஞ்சி மரத்தின் வேர்கள் மேலாகவே பரவுகிறவை. தலையோ பெரிய குடை. வேர் பிடி விட்டால், இலை பச்சையாக இருக்கும்போதே மரம் ஒரு காற்றில் சாய்ந்துவிடும். அதன் கீழேதான் வெளிநோயாளிகளின் பெஞ்சுகள் இருக்கின்றன. இதற்கு மேல் நிர்வாகக் குழு தாமதிக்க முடியாது.

பச்சை இலை நம்மை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் வாசலில், டூமர்ஸ் கார்னர் என்னும் சந்திப்பில், இரண்டு ஓக் மரங்கள் நின்றன. நம் வேதாகமத்தில் கர்வாலி மரம் என்று வாசிக்கிறோமே, அந்த இனம். ஏறக்குறைய எண்பது வயது. பல்கலைக்கழகக் கால்பந்து அணி ஜெயித்தால், ஊரே திரண்டு வந்து டாய்லெட் பேப்பர் சுருள்களை அந்த மரங்களின் மேல் வீசி வெள்ளையாக மூடிவிடும். விநோதமான வழக்கம்தான், ஆனால் தாத்தா, தகப்பன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே மரத்தடியில் நின்று மகிழ்ந்த இடம் அது. 2010 நவம்பரில் அவர்களுடைய அணி, பரம எதிரியான அலபாமா அணியை 28-க்கு 27 என்ற கணக்கில் தோற்கடித்தது. தோற்ற அணியின் ரசிகர் ஒருவர் பகை தீர்க்க, மரங்களின் அடியில் களைக்கொல்லியை ஊற்றிவிட்டார். 2011 ஜனவரியில் வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசி, தான் செய்ததைப் பெருமையாகவும் சொன்னார். மண்ணைச் சோதித்தபோது டெபுதையூரான் என்னும் நஞ்சு இருப்பது உறுதியாயிற்று.

அந்த நஞ்சு வேர் வழியாக ஏறி, இலை உணவு தயாரிப்பதைத் தடுக்கிறது. இலை கருகி உதிரும். மரம் தன் சேமிப்பிலிருந்து எடுத்துப் புதிய தளிர் விடும். அந்தத் தளிரும் கருகும். மறுபடியும் தளிர் விடும். பார்க்கிறவர்கள் "துளிர்த்துவிட்டது, பிழைத்துக்கொள்ளும்" என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் ஒவ்வொரு தளிரும் மரத்தின் கடைசிச் சேமிப்பைச் செலவழிக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர்களோடு பல ஆண்டுகள் நின்றிருக்கிற எனக்கு இது புதிதல்ல. கண் திறந்து பார்த்தார், கையை அசைத்தார் என்று ஓடி வருவார்கள். அந்த நம்பிக்கையை உடைக்கவும் மனம் வராது, பொய்யாக வளர்க்கவும் கூடாது. ஆபர்ன் நிபுணர்கள் நஞ்சேறிய மண்ணைத் தோண்டி அகற்றினார்கள், நஞ்சை உறிஞ்சக் கரித்தூள் இட்டார்கள், மரத்துக்குச் சர்க்கரைக் கரைசல்கூடச் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் போராடிய பிறகு, இனி முடியாது என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். 2013 ஏப்ரல் 20-ஆம் தேதி மக்கள் பெருந்திரளாய் வந்து கடைசி முறையாகச் சுருள் வீசி விடைகொடுத்தார்கள். மூன்றாம் நாள் மரங்கள் வெட்டப்பட்டன.

இனி இரண்டாவது கேள்வி. ஆபர்னில் நம் நண்பர்கள் சிலர் கேட்பது போலவே செய்தார்கள். மண்ணை மாற்றி, 2015 பிப்ரவரி 14 அன்று, வளர்ந்த ஓக் மரங்கள் இரண்டைத் தெற்குக் கரோலினாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். சில மாதங்களில் ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை என்று அதை எடுத்துவிட்டு வேறொன்றை நட்டார்கள். 2016 செப்டம்பரில் ஒரு வெற்றிக் கொண்டாட்டத்தின்போது, மரத்தில் தொங்கிய காகிதத்துக்கு ஒருவர் தீ வைத்தார். 2017 பிப்ரவரியில் மறுபடியும் இரண்டு புதிய மரங்கள். இரண்டு ஆண்டுக்குள் அந்த இரண்டு இடத்துக்கு ஐந்து மரங்கள்! தீ வைத்தது மனிதனின் மூடத்தனம்; அதை விட்டுவிடுவோம். முதலில் பிடிக்காமல் போன மரத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். பணத்துக்கும் நிபுணர்களுக்கும் குறைவில்லாத இடத்திலேயே இப்படி நேர்ந்தது.

காரணம் எளிது. வளர்ந்த மரத்தின் வேர்கள் கிளைகளின் விரிவைத் தாண்டி ஓடுகின்றன. பெயர்க்கும்போது அடிமரத்தைச் சுற்றி ஒரு மண் உருண்டையைத்தான் எடுக்க முடியும். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி பழைய இடத்திலேயே அறுந்து தங்கிவிடும். மேலே பெரிய குடும்பம், கீழே ஒரு கை வருமானம். அடிமரம் பருமனாக இருக்க இருக்க அது பழைய நிலைக்குத் திரும்பப் பிடிக்கும் ஆண்டுகளும் கூடுகின்றன. சிறிய கன்றோ சில மாதங்களில் வேர் பிடித்து வளரத் தொடங்கிவிடும். அருகருகே நட்டால், சில ஆண்டுகளில் சிறியது பெரியதை எட்டிப் பிடிப்பதும் உண்டு.

"அதே மரம் வேண்டும்" என்கிற ஆசைக்கு வேறு வழி உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில், ஐசக் நியூட்டன் வீட்டு ஆப்பிள் மரத்தின் வழிவந்த மரம் ஒன்று 1954-இல் நடப்பட்டு, 2022 பிப்ரவரிப் புயலில் விழுந்தது. தோட்டத்தார் அதன் ஒட்டுக்கன்றை முன்னமே வளர்த்து வைத்திருந்தார்கள். கிளையிலிருந்து ஒட்டு எடுத்தால் அதே மரம். விதையிலிருந்து வந்தால் அது பிள்ளை, தாயின் சாயல் இருக்கும், அச்சாக இராது. ஆபர்னிலும் பழைய ஓக் மரங்களின் கொட்டையிலிருந்து வளர்த்த பிள்ளை மரங்களை அதே வளாகத்தின் நடைபாதை ஓரம் வரிசையாக நட்டிருக்கிறார்கள். மருத்துவத்தின் தந்தை ஹிப்போகிராட்டஸ் பாடம் சொன்னதாகக் கிரேக்கரின் கோஸ் தீவில் இன்றும் காட்டப்படும் மரமோ சுமார் ஐந்நூறு வயதுக்கு மேற்பட்டதல்ல. அவர் வாழ்ந்தது கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டு. யாரோ அந்த இடத்தில் திரும்பத் திரும்ப நட்டிருக்கவேண்டும்.

ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பெயெர்செபாவில் தோப்பு உண்டாக்கினதாக நம் தமிழ் வேதாகமம் சொல்கிறது. எபிரெயச் சொல் "ஏஷெல்", பாலைவனத்தில் வளரும் ஒரு மரத்தின் பெயர். அப்போது அவருக்கு நூறு வயது கடந்திருந்தது. எந்த அளவுக் கன்றை நட்டார் என்று எழுதப்படவில்லை. கிரேன் இல்லை என்பது நிச்சயம்.

நிர்வாகக் குழுவின் முடிவு இதுதான். கிரேனில் பெரிய மரம் வராது. வெட்டிய அடிக்கட்டையில் காளான் தங்கியிருக்கும் என்பதால் அதே குழியிலும் நடுவதில்லை. இருபதடி தள்ளி ஒரு இலுப்பைக் கன்றும் இரண்டு புங்கன் கன்றுகளும் நடப்படும். மூன்றும் இடுப்பு உயரக் கன்றுகள். தொட்டியில் சுருண்டுபோன வேர்கள் பின்னால் அடிமரத்தையே இறுக்கிவிடும் என்பதால், அவற்றைப் பிரித்துவிட்டு நடுவார்கள். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். ஆழமாகப் புதைப்பதாலேயே சாகும் கன்றுகள் ஏராளம். தூங்குமூஞ்சி மரத்தின் காய்களையும் மாணவியர் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். கடினத் தோலுள்ள விதைகளை வெந்நீரில் ஊறவைத்து முளைக்கப் போட்டாயிற்று. அந்தப் பிள்ளைக்குக் கட்டிடமோ பெஞ்சோ இல்லாத விளையாட்டுத் திடல் ஓரத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

நடும் நாளுக்கு என்று காணிக்கை அனுப்ப விரும்புகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கன்றும் குழியும் மிகச் சிறிய செலவு. அதை விடுதி மாணவியரே தங்கள் காணிக்கையில் ஏற்றுக்கொண்டார்கள். செலவு பிடிப்பது முதல் மூன்று கோடைகள். ஏப்ரல், மே மாதங்களில் நம் கிணறு நோயாளிகளுக்கே போதாமல் தண்ணீர் லாரி வாங்குகிறோம். வாரம் இரண்டு முறை ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று நான்கு குடம் தண்ணீர், ஆடு மேயாதபடி வேலி, கவனிக்க ஒரு ஆள். இவற்றுக்குப் புகைப்படமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆகவே "மரப் பராமரிப்பு" என்று குறித்து அனுப்பும் காணிக்கை மூன்று ஆண்டுகளுக்கும் பிரித்துச் செலவிடப்படும். ஒவ்வொரு ஜூன் இதழிலும் எந்தக் கன்று நிற்கிறது, எது பட்டது என்று மறைக்காமல் எழுதுவோம்.

பழைய மரம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே, வெளிநோயாளிகள் வராத ஒரு ஞாயிறு பிற்பகலில் வெட்டப்படும். அன்று காலை ஆராதனை முடிந்து மரத்தடியில் ஒரு சிறு ஸ்தோத்திர ஜெபம் உண்டு. வர இயன்ற பழைய மாணவியர் வரலாம். பெஞ்சுகளை அகற்றி, பாதுகாப்பான தூரத்தில் கயிறு கட்டியிருப்போம்.


மருத்துவமனைப் போதகர்