டெலிபோன் தாத்தா பாட்டிக்கு விட்டுட்டுப் போன சொத்து

வழக்கமா இங்க ஃபண்டு, வரி, இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு எங்க தாத்தாவைப் பத்திப் பேசப் போறேன். 2024-ல, 84 வயசுல காலமானார். ஆனா அவர் வாழ்க்கையில உங்க சம்பளத்துக்கும் ஒரு பாடம் இருக்கு.

தாத்தா திருப்பனந்தாள்காரர். 1962-ல தபால் தந்தி இலாகாவுல சேர்ந்து, லைன்மேனா கம்பம் ஏறினவர். எங்க ஊர்க் கோயில்ல சாய்ஞ்சிருந்த சிவலிங்கத்தை, குங்கிலியக் கலய நாயனார் தன் கழுத்துல கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினார்னு தலவரலாறு. ஐப்பசி மழையில சாய்ஞ்ச கம்பத்தைக் கயிறு போட்டு நிமிர்த்தும்போது, "நாங்களும் கலயர் பரம்பரைதான்யா"ன்னு தாத்தா சிரிப்பாராம்.

அப்போ ஊருக்கு நாலஞ்சு போன்தான். பிரசவமோ சாவோ, அவசரச் செய்தி ட்ரங்க் கால்ல வரணும். கொள்ளிடக்கரைப் பக்கம் லைன் அறுந்தா, வயர் சுருளை சைக்கிள்ல மாட்டிக்கிட்டு ராத்திரின்னாலும் கிளம்பிடுவார். லைன் பேசின பிறகுதான் அவருக்குச் சாப்பாடு.

2000 ஜூன் கடைசியில ரிட்டயர் ஆனார். மூணே மாசத்துல, அக்டோபர் 1-ம் தேதி பி.எஸ்.என்.எல் உருவாச்சு. அவர்கிட்ட இருந்தது ஒரு ஓட்டு வீடு. ஒரு மா நிலம் கூட இல்லை. ஆனா அடுத்த 24 வருஷம், மருந்துக்குக் கூட மகன்கள்கிட்ட அவர் கை நீட்டல.

தாத்தாவுக்கு இருந்தது என்ன?

- கடைசிச் சம்பளத்துல ஏறக்குறைய பாதி, ஆயுள் முழுக்க பென்ஷன்.
- விலைவாசி ஏற ஏற கூடுற அகவிலைப்படி.
- 80 வயசானதும் அடிப்படை பென்ஷன்ல கூடுதலா 20%.
- அவருக்குப் பிறகு பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம்.

இதுல நாலாவதுதான் முக்கியம். பென்ஷன் ஆணையில பாட்டி பேரு, பிறந்த தேதி, ஜாயின்ட் போட்டோ எல்லாத்தையும் தாத்தா முன்னாடியே சரி பண்ணி வெச்சிருந்தார். பாட்டி இறப்புச் சான்றிதழோட பேங்க்குக்குப் போனாங்க. பணம் வர ஆரம்பிச்சது, அவங்க சொந்தக் கணக்குல. இப்போ பேரப்பிள்ளைக்குத் தீபாவளிக் காசு கொடுக்கிறதும் அவங்கதான்.

உங்களுக்கு என்ன இருக்கு?

தனியார் கம்பெனியில இருந்தா, இ.பி.எஃப் கூடவே இ.பி.எஸ் பென்ஷன் ஒண்ணு இருக்கும். இப்ப பலருக்கும் அது 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புலதான் கணக்காகுது. 35 வருஷ சர்வீஸ் கணக்கானா: 15,000 × 35 ÷ 70 = மாசம் 7,500 ரூபாய். இதுக்கு அகவிலைப்படி கிடையாது.

இன்னைக்கு மாசம் 30,000 ரூபாய்ல நடக்கிற குடும்பத்துக்கு, விலைவாசி வருஷம் 6% ஏறினா, 30 வருஷம் கழிச்சு சுமார் 1.72 லட்சம் வேணும். அதுல 7,500 எந்த மூலைக்கு?

தாத்தாவுக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த பென்ஷனை, நீங்க நீங்களேதான் கட்டிக்கணும்.

இந்த மாசமே செய்ய வேண்டியது

1. வேலை மாறும்போது பி.எஃப் பணத்தை எடுக்காதீங்க. புதுக் கணக்குக்கு மாத்துங்க. இ.பி.எஸ் பென்ஷனுக்கே குறைஞ்சது 10 வருஷ சர்வீஸ் வேணும்.

2. எஸ்.ஐ.பி-யை இப்பவே ஆரம்பிங்க. மாசம் 5,000 ரூபாய், 10% வருமானம்னு வெச்சுக்குவோம். 25 வயசுல ஆரம்பிச்சா 60-ல சுமார் 1.9 கோடி. 35-ல ஆரம்பிச்சா சுமார் 67 லட்சம்தான். இந்த 10% உத்தரவாதம் இல்ல, கணக்குக்காகச் சொன்னது.

3. நாமினியைப் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி பி.எஃப்-ல போட்ட நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. புதுசா போடணும். பேங்க், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்டு எல்லாத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்க.

4. எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல வைங்க. அது எங்க இருக்குன்னு வீட்டுல ஒருத்தருக்காவது தெரியணும்.

மூணாவது வேலைக்குப் பத்து நிமிஷம் போதும். அதை எப்படிச் செய்யணும்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்ல காட்டுறேன். அதுக்குள்ள உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட அவங்க பென்ஷன் ஆணையைக் கேட்டு வாங்கி, அதுல துணையோட பேரு சரியா இருக்கான்னு பார்த்துடுங்க.