கினிப் பன்றி வளர்க்கலாமா?

வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடைகளில் கினிப் பன்றியைப் பார்த்துவிட்டு, "ஒரு ஜோடி வேண்டும்" என்று பிள்ளைகள் அடம் பிடிப்பதுண்டு. வரப்பில் புல் இருக்கிறது, தீனிச் செலவு இல்லை என்று எண்ணிப் பெற்றோரும் வாங்கி விடுகிறார்கள். ஆனால் புல் மட்டும் இப்பிராணிக்குப் போதாது. வெயிலையும் அது தாங்காது. இந்த இரண்டையும் அறிந்த பிறகே வாங்குவதா, வேண்டாமா என்று முடிவு செய்தல் நலம்.

சீமைப் பெருச்சாளி என்றும் சொல்லப்படும் இப்பிராணி பன்றி இனத்தைச் சேர்ந்ததல்ல. கினி நாட்டிலிருந்து வந்ததும் அல்ல. இதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதி. பெரு, பொலிவியா, ஈக்வடார் நாடுகளின் சிறு விவசாயிகள் பல ஆயிரம் ஆண்டுகளாக இதை இறைச்சிக்காக அடுப்பங்கரையிலேயே வளர்த்து வருகின்றனர். நன்கு வளர்ந்த கினிப் பன்றி முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை, சில சமயம் சற்று அதிகமாகவும் இருக்கும். 5 முதல் 8 ஆண்டுகள் உயிர் வாழும். சாதுவானது, கடிப்பது அரிது. கீரை கொண்டுவரும் காலடி ஓசை கேட்டதும் கீச்சிட்டு அழைக்கும்.

வெயில்

குளிர்ந்த மலைநாட்டுப் பிராணியாதலால் 18 முதல் 24 டிகிரி சென்டிகிரேடு வெப்பமே இதற்கு உகந்தது. 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. வேலூர், திருச்சி, மதுரை போன்ற இடங்களில் கோடையில் 40 டிகிரியையும் தொடும் நாட்கள் உண்டு. தகரக் கொட்டகையிலோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ வைத்தால் ஒரே பிற்பகலில் இறந்து போகும். சினையாக உள்ளவை முதலில் மடியும்.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு பகுதியினருக்கு இந்தக் கவலை குறைவு. சமவெளியில் ஓட்டு வீடோ, தடித்த கூரை வேய்ந்த வீடோ இருந்து, காற்றோட்டமான உள் அறை ஒன்றை ஒதுக்க முடிந்தால் மட்டுமே வளர்க்கலாம். கோடையில் ஈரச் சாக்கைப் பக்கத்தில் தொங்கவிடலாம். குளிர்ந்த நீர் நிரப்பிய மண்பானையைக் கூண்டுக்குள் வைத்தால் அதன்மேல் சாய்ந்து படுத்துக் கொள்ளும்.

தீனி

மாடும் ஆடும் வைட்டமின் 'சி' சத்தைத் தம் உடலிலேயே தயாரித்துக் கொள்கின்றன. மனிதனைப் போலவே கினிப் பன்றியால் அது முடியாது. இச்சத்து கிடைக்காவிட்டால் சில வாரங்களில் மூட்டுகள் வீங்கும். தொட்டால் வலியால் கத்தும். தீனி எடுக்காமல் இறந்து விடும். நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 1907-இல் இந்நோயைக் கினிப் பன்றியில் கண்டறிந்தது, பின்னர் வைட்டமின் 'சி' ஆராய்ச்சிக்கே வழி வகுத்தது.

ஒரு கிலோ எடையுள்ள கினிப் பன்றிக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் தேவை. சினைக் காலத்தில் 30 மில்லிகிராம் வேண்டும். இதற்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பெருநெல்லியில் கால் பங்கோ, ஒரு சிறு கொய்யாத் துண்டோ, ஒரு பிடி கொத்தமல்லித் தழையோ போதும். ஆனால் தினமும் தவறாமல் கொடுக்க வேண்டும். முருங்கைக் கீரையிலும் இச்சத்து மிகுதி. எனினும் அதிலும் அகத்தி, குதிரை மசால் ஆகியவற்றிலும் சுண்ணாம்புச் சத்து அதிகமாதலால், அளவுக்கு மீறினால் சிறுநீர்ப் பையில் கல் உண்டாகும். வாரத்தில் ஓரிரு நாள் சிறிதளவு கொடுத்தால் போதும்.

முக்கியத் தீனி புல்தான். பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால், அவை தேய்வதற்குப் பச்சைப் புல்லோ, உலர்ந்த புல்லோ எந்நேரமும் இருக்க வேண்டும். அருகம்புல் ஏற்றது. பூச்சி மருந்து தெளித்த வயலின் புல், தக்காளி மற்றும் உருளைக் கிழங்குச் செடியின் இலை, மாட்டுக்கே ஆகாத இளஞ்சோளப் பயிர் ஆகியவற்றைக் கொடுக்கலாகாது. கோழித் தீவனமும் கூடாது. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

கூண்டு

இரண்டு பிராணிகளுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம் வேண்டும். கம்பி வலைத் தரை பாதத்தைப் புண்ணாக்கும். பலகைத் தரையில் உலர்ந்த புல்லைப் பரப்பி, நனைந்ததை நாள்தோறும் அகற்ற வேண்டும். நாய், பூனை, கீரி, பாம்பு நுழையாதபடி சிறு கண் வலையால் மேற்புறத்தையும் மூடுதல் அவசியம். சிந்திய தீனிக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். முயலோடு சேர்த்து வளர்க்கக் கூடாது. முயலிடம் தீங்கின்றி இருக்கும் சில கிருமிகள் கினிப் பன்றிக்கு நிமோனியாவைத் தரும்.

ஜோடி வாங்கலாமா?

தனியாக ஒன்று இருந்தால் வாடிப் போகும். ஆகவே இரண்டு வேண்டும். ஆனால் இரண்டும் பெட்டையாக இருப்பதே நல்லது. கடைக்காரர் சொல்லை நம்பாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்து கொள்ளலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் சுமார் 68 நாட்களுக்கு ஒருமுறை இரண்டு முதல் நான்கு குட்டிகள் பிறக்கும். ஈன்ற அன்றே மீண்டும் சினை பிடிக்கும். 7 மாதத்துக்கு மேல் முதன்முறையாகச் சினையாகும் பெட்டைக்கு இடுப்பெலும்பு விரியாமல் பிரசவத்திலேயே உயிர் போகக் கூடும்.

குட்டிகளை விற்று லாபம் பார்க்கலாம் என்று யாரேனும் ஆசை காட்டினால் விலகி நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் இதன் இறைச்சிக்கு நிலையான சந்தை இல்லை. ஈமு வளர்ப்புத் திட்டங்களில் முதலீடு செய்து 2012-இல் கொங்கு வட்டாரத்தில் பலர் பணத்தை இழந்தது மறக்கத் தக்கதல்ல.

நோயும் மருந்தும்

ஒரு நாள் தீனி எடுக்காவிட்டாலும் அது ஆபத்தின் அறிகுறி; உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மாட்டுக்கு வாங்கி மீந்த பென்சிலின், ஆம்பிசிலின் மருந்துகளைக் கொடுத்தால் குடல் கெட்டு இறந்து விடும். கீழே விழுந்தால் முதுகெலும்பு முறியும். ஆதலால் சிறு குழந்தைகள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக் கொள்ளட்டும். படர்தாமரை தொற்றக் கூடுமாதலால் தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

முடிவு எப்படி?

சித்திரை வெயிலில் குளிர்ந்த இடம் இருக்கிறதா? நாள்தோறும் நெல்லியோ கொய்யாவோ தழையோ கொடுக்க ஆள் உண்டா? பிள்ளைகளின் ஆசை தணிந்த பின்னும் 5 ஆண்டுகளுக்குப் பெரியவர்கள் பார்த்துக் கொள்வார்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லக் கூடிய வீட்டில் கினிப் பன்றி நன்றாக வளரும். ஒன்றுக்கேனும் 'இல்லை' எனில் வாங்காமல் இருப்பதே மேல். பிள்ளைகளுக்கு இரண்டு நாட்டுக் கோழிக் குஞ்சுகளை வாங்கிக் கொடுக்கலாம். அவை நம் வெயிலுக்குப் பழகியவை; வளர்ந்தால் முட்டையும் கிடைக்கும்.