லேசர் பார்வைத் திருத்த அறுவைச் சிகிச்சையில் சிக்கல் ஏற்பட்டால்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

உத்தனப்பள்ளி, கெலமங்கலம், சூளகிரி, இராயக்கோட்டை ஆகிய பகுதிகளில் இருந்து லேசர் பார்வைத் திருத்தச் சிகிச்சைக்குச் செல்வோர், ஓசூரிலோ அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூரிலோ அதனைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியுள்ளது. சிகிச்சை முடிய அரை மணி நேரம் போதும். ஆனால் அதில் ஏற்படக்கூடிய சிக்கல்கள் அந்த அரை மணி நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை உரிய நேரத்தில் கண்டறியப்பட்டால் சரிசெய்யக்கூடியவை.

சிகிச்சையில் நடப்பது என்ன?

கண்ணின் முன்புறத்தில் உள்ள கருவிழியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதாவது சராசரியாக 540 மைக்ரான். லாசிக் முறையில் அதன் மேற்புறத்தில் சுமார் 100 முதல் 120 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய மடல் ஒன்று வெட்டப்பட்டு, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது போல ஒருபுறம் திருப்பி வைக்கப்படுகிறது. அடியில் உள்ள திசுவை எக்ஸைமர் லேசர் தேவையான அளவு நீக்கியபின், மடல் மீண்டும் அதே இடத்தில் படியவைக்கப்படுகிறது. தையல் இல்லை. இந்த லேசர் உயிர்த்திசுவைச் சுற்றுப்புறத்தைச் சுடாமல் துல்லியமாக நீக்கும் என்பதை 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறிந்த குழுவில், சென்னையில் பிறந்த அறிவியலாளர் இரங்கசாமி சீனிவாசனும் ஒருவர்.

கண் சொட்டு மருந்தால் மட்டுமே மரத்துப்போகச் செய்யப்படுகிறது, நீங்கள் விழித்திருப்பீர்கள். ஆகவே சிகிச்சையின் வெற்றியில் உங்கள் ஒத்துழைப்புக்கும் பங்குண்டு.

சிகிச்சையின்போது ஏற்படக்கூடிய சிக்கல்கள்

மடலை வெட்டும்போது கண்ணை அசையாமல் பிடித்துக்கொள்ள, ஓர் உறிஞ்சு வளையம் பொருத்தப்படும். அப்போது அழுத்தம் தோன்றும். சில விநாடிகள் பார்வை மங்கும் அல்லது இருண்டுவிடும். இது இயல்பானது. இதை முன்கூட்டியே அறியாதவர்கள் அச்சத்தில் தலையை அசைப்பதும் கண்ணை இறுக மூட முயல்வதும் உண்டு. அவ்வாறு செய்தால் வளையத்தின் பிடி விட்டுப்போகலாம். மடல் வெட்டும் லேசரில் பிடி விட்டால் கருவி தானே நின்றுவிடும். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைப் பொறுத்து மருத்துவர் உடனே மீண்டும் தொடங்குவார், அல்லது வேறொரு நாளுக்கு ஒத்திவைப்பார்.

பிளேடு கொண்ட கருவியால் வெட்டும்போது மடல் பாதியில் நிற்கலாம், நடுவில் துளை விழலாம், அல்லது மடல் முழுவதுமாகத் தனியே கழன்று வரலாம். பாதியில் நின்றாலோ துளை விழுந்தாலோ அன்றைய தினம் பார்வைத் திருத்தம் செய்யாமல், மடலை இருந்த இடத்திலேயே படியவைத்து, மேலே பாதுகாப்புக் காண்டாக்ட் லென்ஸ் வைத்து அனுப்புவதே பாதுகாப்பான வழி. பொதுவாக மூன்று மாதங்களோ அதற்கு மேலோ காத்திருந்து, கருவிழி ஆறியபின், பெரும்பாலும் மடல் வெட்டாத மேற்பரப்பு லேசர் முறையில் சிகிச்சை நிறைவு செய்யப்படும். தனியே கழன்ற மடலை ஈரம் காயாமல் பாதுகாத்து, முன்பே மையால் இட்ட குறிகளைப் பொருத்தி மீண்டும் வைக்கலாம்.

உடனிருப்போர் இதனைக் குறிப்பாகக் கவனிக்கவும். “பணம் கட்டியாயிற்று, விடுப்பும் எடுத்தாயிற்று, இன்றே முடித்துவிடுங்கள்” என்று அத்தருணத்தில் மருத்துவரை வற்புறுத்தக் கூடாது. சிகிச்சையை நிறுத்தும் முடிவைத் தோல்வி எனக் கருத வேண்டாம். பழுதான மடலின் கீழ் லேசரைச் செலுத்தினால் நிரந்தரத் தழும்பும் ஒழுங்கற்ற பார்வையும் ஏற்படலாம். நிறுத்திவிட்ட கண்ணோ பெரும்பாலும் பழைய கண்ணாடியுடன் பழைய பார்வைக்கே திரும்பும்.

கண் அசைவைப் பின்தொடரும் அமைப்பு நவீன லேசர் கருவிகளில் உள்ளது. கண் எல்லை மீறி நகர்ந்தால் லேசர் நின்றுவிடும். பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெண்விழியில் தோன்றும் இரத்தச் சிவப்புத் திட்டு பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் இரண்டு, மூன்று வாரங்களில் தானே மறையும்.

வீடு திரும்பிய பின்

முதல் சில மணி நேரம் எரிச்சல், நீர் வடிதல், மணல் விழுந்தது போன்ற உறுத்தல் இருக்கும். உறங்கி எழுந்தால் பெரிதும் குறையும். (மேற்பரப்பு லேசர் முறையில் வலி மூன்று, நான்கு நாட்கள் நீடிக்கலாம்.) எரிச்சல் தணிந்துவிட்டது என்பதற்காக மறுநாள் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

முதல் 24 மணி நேரத்தில் மடல் நகர்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். உறக்கத்தில் கண்ணைத் தேய்த்தாலே போதும். ஆகவே தரப்பட்ட கண் கவசத்தை இரவில் அணிய வேண்டும். மடல் நகர்ந்தாலோ சுருங்கினாலோ உடனே தூக்கி நீவிச் சரிசெய்யலாம். நாட்கள் கடந்தால் சுருக்கம் நிலைத்துவிடும்.

முதல் வாரத்தில் மடலின் அடியில் கிருமித்தொற்று இல்லாத ஓர் அழற்சி தோன்றலாம். தொடக்கத்தில் வலியோ சிவப்போ இல்லாமலே இது வரக்கூடும். பிளவு விளக்குக் கருவியில் பார்த்தால்தான் தெரியும். மறுநாள் பரிசோதனை கட்டாயம் எனச் சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அடிக்கடி இடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் இது பெரும்பாலும் கட்டுப்படும். முற்றினால் மடலைத் தூக்கிக் கழுவ வேண்டியிருக்கும். இதே தோற்றத்தில், ஓரிரு வாரங்களுக்குப் பின், ஸ்டீராய்டு மருந்தால் கண் அழுத்தம் உயர்ந்து மடலின் கீழ் நீர் கோப்பதும் உண்டு. அதற்கு வேண்டியது நேர்மாறான சிகிச்சை. அந்த மருந்தையே நிறுத்த வேண்டும். எனவே மருந்துக் கடையில் அதே புட்டியை மீண்டும் வாங்கி நீங்களாகத் தொடர வேண்டாம்.

கிருமித்தொற்று அரிது; ஆனால் அவசரமானது. வலி கூடுதல், கண் சிவத்தல், வெளிச்சத்தைத் தாங்க முடியாமை, தெளிந்த பார்வை மீண்டும் மங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிகிச்சை செய்த மருத்துவமனை தொலைவில் இருந்தால், ஓசூர் அரசு மருத்துவமனையிலோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கண் மருத்துவரை அணுகி, லேசர் சிகிச்சை செய்துகொண்டதை முதலிலேயே தெரிவியுங்கள். சில கிருமிகள் இரண்டு, மூன்று வாரங்கள் கழித்தும் வெளிப்படும்.

வேலைக்குத் திரும்புதல்

சனிக்கிழமை சிகிச்சை, திங்கட்கிழமை காலை ஷிப்ட் என்று திட்டமிடுவது இப்பகுதியினருக்கு உகந்ததன்று. கிரானைட் தூசி, உலோகத் துகள், பசுமைக்குடில்களில் தெளிக்கப்படும் பூச்சிமருந்து ஆகியவற்றிற்கு இடையே பணிபுரிவோர் எத்தனை நாள் விடுப்பு தேவை என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, விடுப்பு உறுதியான பின்னரே நாள் குறிக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் திரும்புவது கூடாது. விடுதியில் தங்கியிருப்போர் முதல் இரவுக்குத் துணை ஒருவரை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

குளிர்காற்று அறையில் நாள் முழுவதும் நுண்பாகங்களை உற்றுநோக்கிப் பணிபுரிவோருக்குக் கண் உலர்வு கூடுதலாகத் தெரியும். இது சில மாதங்களில் பெரும்பாலும் குறையும். அதுவரை செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து தேவைப்படும்.

முன்பே கேட்க வேண்டியவை

பின்னாளில் கருவிழி வலுவிழந்து முன்னோக்கிப் புடைப்பதே இச்சிகிச்சையின் நீண்டகாலச் சிக்கல்களில் கடுமையானது. வராமல் தடுப்பதே இதற்குச் சிறந்த வழி. கருவிழியின் தடிமனும் வடிவ வரைபடமும் அளக்கப்பட்டனவா, லேசருக்குப் பின் எத்தனை மைக்ரான் மீதமிருக்கும் எனக் கேளுங்கள். 250 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. 300ஐ விரும்பும் மருத்துவர்களும் உண்டு. காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் மருத்துவர் கூறும் காலம் வரை அதனை நிறுத்திய பின்னரே இந்த அளவுகளை எடுக்க வேண்டும். கண்ணாடி பவர் இன்னும் மாறிக்கொண்டிருப்பவர்கள், கருவுற்றோர், பாலூட்டுவோர் காத்திருக்க வேண்டும். புடைப்பு தொடங்கிவிட்டால், ரைபோஃபிளேவின் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதியாக்கும் சிகிச்சையால் மேலும் மோசமாகாமல் தடுக்க முயலலாம்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருந்தால், உங்களுக்குத் தெரிந்த மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்டபின் கையொப்பமிடுங்கள். சிகிச்சை ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுங்குமுறை விதி. சிகிச்சைக்கு முந்தைய அளவுகள் அடங்கிய கோப்பை வாழ்நாள் முழுவதும் வைத்திருங்கள். முதுமையில் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு லென்ஸின் அளவைக் கணக்கிடும் மருத்துவருக்கு அந்தப் பழைய எண்கள் உதவும்.